பாஸ்புக்கில் இருக்கும் ஒரு லத்தீன் வார்த்தை

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால், செயலாளர் எழுதித் தரச் சொன்னார். பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறேன்.)



ஆங்கில வார்த்தைகளின் பூர்வீகம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் சந்தேகம் தெரிகிறது. "இவர் பி.காம். படித்து பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். லத்தீனுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான சந்தேகம்தான். எனக்கு லத்தீன் தெரியாது. ரிடையர் ஆன பிறகு அகராதியைப் புரட்டுவது பழக்கமானது. எந்த வார்த்தையை எடுத்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதைப் படிக்கிற பழக்கம். லெட்ஜரில் ஒரு என்ட்ரியைப் பிடித்துக்கொண்டு வவுச்சர் வரை பின்னால் போவது போலத்தான் அதுவும். அதில் எனக்கு முப்பத்தைந்து வருஷ அனுபவம் இருக்கிறது.

இன்று ஒரே ஒரு வேரை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பாட்டி.

1986 என்று நினைவு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை. கம்ப்யூட்டர் கிடையாது. பாஸ்புக்கில் கையால்தான் எழுதுவோம். கோயில் வாசலில் பூ விற்கிற ஒரு பாட்டி, வாரம் ஒருமுறை இருபது, முப்பது ரூபாய் கொண்டுவந்து போடுவார். நானே சலான் எழுதிக் கொடுப்பேன். ஒரு நாள் பாஸ்புக்கை என் முன்னால் விரித்து வைத்தார்.

"தம்பி, எல்லா வரியிலயும் இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து போட்டிருக்கே, அது என்ன?"

"அது 'கிரெடிட்'னு அர்த்தம் பாட்டி. சுருக்கி 'சி ஆர்'னு எழுதுவோம்."

"அதான் கேக்கறேன். கிரெடிட்னா கடன்னு பேரன் சொல்றான். டீக்கடையில 'கிரெடிட் கிடையாது'ன்னு போர்டு தொங்குதாம். நான் உங்ககிட்ட கடன் வாங்கலியே. என் காசைத்தானே கொண்டாந்து குடுக்கறேன். ஏன் கடன்னு எழுதறீங்க?"

எனக்குப் பின்னால் கேஷியர் சிரித்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "அது அப்படித்தான் எழுதணும் பாட்டி, ஒண்ணும் பயமில்லை" என்று சொல்லி பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார். முகத்தில் பயம் போகவில்லை. அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. பிறகு வந்தார், பழையபடி பணம் போட்டார், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.

எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. கல்லூரியில் 'டெபிட் தி ரிசீவர், கிரெடிட் தி கிவர்' என்று மனப்பாடம் செய்து பாஸ் ஆனவன் நான். பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. விதி தெரியும். அந்த வார்த்தை ஏன் என்று தெரியாது. எனக்குப் பாடம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது பதிலுக்கு வருகிறேன்.

லத்தீனில் 'கிரெடெரே' என்று ஒரு வினைச்சொல். நம்புவது, நம்பி ஒப்படைப்பது என்று பொருள். அப்படி நம்பி ஒப்படைத்த பொருளுக்கு 'கிரெடிட்டும்' என்று பெயர். அது இத்தாலிய வியாபாரிகள் வாயில் 'கிரெடிட்டோ' ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து 'கிரெடிட்' ஆனது. அதாவது கிரெடிட் என்றால் முதல் பொருள் கடனும் இல்லை, வரவும் இல்லை. நம்பிக்கை.

டீக்கடைக்காரர் கிரெடிட் கொடுத்தால், அவர் உங்களை நம்புகிறார். நீங்கள் பேங்கில் பணம் போட்டால், நீங்கள் பேங்கை நம்புகிறீர்கள். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. பணம் யார் கையிலிருந்து போகிறதோ அவர் நம்புகிறவர். கிரெடிட் கார்டில் பேங்க் உங்களை நம்புகிறது, பாஸ்புக்கில் நீங்கள் பேங்கை நம்புகிறீர்கள். பாஸ்புக் என்பது உங்கள் கணக்குப் புத்தகம் அல்ல, பேங்கின் புத்தகத்தில் உங்களுக்கென்று இருக்கிற பக்கத்தின் நகல். அந்தப் பக்கத்தில் பேங்க்தான் கடன்காரர். நீங்கள் கடன் கொடுத்தவர். எந்த பேங்கின் பேலன்ஸ் ஷீட்டை வேண்டுமானாலும் பாருங்கள், மக்கள் போட்ட டெபாசிட் முழுவதும் பொறுப்புகள் பக்கத்தில்தான் இருக்கும், சொத்து பக்கத்தில் இருக்காது.

ஆக, பேரன் சொன்னது சரி. அது கடன்தான். ஆனால் கடன் வாங்கியது பாட்டி இல்லை, நாங்கள்.

இன்னொரு விஷயம். லத்தீன் இலக்கணத்தில் 'கிரெடிட்' என்பதே ஒரு முழு வாக்கியம் போல. 'அவன் நம்புகிறான்' அல்லது 'அவள் நம்புகிறாள்' என்று பொருள். ஆங்கில வார்த்தை அதிலிருந்து நேராக வந்தது இல்லை, சற்று முன்னால் சொன்ன 'கிரெடிட்டும்' வழியாகத்தான் வந்தது. இருந்தாலும் எழுத்துக்கூட்டு அதேதான். அந்தப் பாட்டியின் பாஸ்புக்கில் வரிக்கு வரி, அவள் நம்புகிறாள், அவள் நம்புகிறாள் என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். இது எனக்குத் தெரிந்தபோது என் வயது அறுபத்தொன்று.

(இடையில் ஒரு உபயோகமான தகவல். அந்த நம்பிக்கைக்கு ஒரு காப்பீடும் உண்டு. பேங்க் மூழ்கினால் டெபாசிட்காரருக்குக் கிடைக்கும் தொகை 1962இல் ஆரம்பித்தபோது 1,500 ரூபாய். பாட்டி பணம் போட்ட காலத்தில் 30,000. 1993இல் 1 லட்சம் ஆனது. 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே பேங்கில் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒருவருக்கு மொத்தம் 5 லட்சம்தான். கிளை மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் பிளாக்கிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.)

இந்த வேரின் குடும்பம் பெரியது. கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கை லத்தீனில் 'கிரெடோ' என்றுதான் தொடங்கும். 'நான் நம்புகிறேன்' என்று பொருள். அதிலிருந்து வந்தது 'கிரீட்', மதக் கொள்கை. நம்பத் தகுந்தது 'கிரெடிபிள்'. நம்ப முடியாதது 'இன்கிரெடிபிள்'. நம் சுற்றுலாத் துறை 'இன்கிரெடிபிள் இந்தியா' என்று விளம்பரம் செய்கிறதே, நேராக மொழிபெயர்த்தால் நம்ப முடியாத இந்தியா. நன்மைக்காகச் சொன்னதுதான், விட்டுவிடுவோம். 'கிரான்ட்' என்று மானியத்துக்குச் சொல்கிறோம் அல்லவா, அதுவும் இதே வீட்டுப் பிள்ளை. பழைய பிரெஞ்சில் உறுதி கொடுப்பதற்கு இருந்த ஒரு வார்த்தை, முதல் எழுத்து 'க'விலிருந்து 'ga' ஒலிக்கு மாறி வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிட்டது.

'மிஸ்கிரியன்ட்' என்ற வார்த்தையை ஆங்கிலப் பேப்பரில் தினமும் பார்க்கிறோம். நம் தமிழ்ப் பேப்பர்களுக்கு 'மர்ம நபர்கள்' எப்படியோ, இந்திய ஆங்கிலப் பேப்பர்களுக்கு 'மிஸ்கிரியன்ட்ஸ்' அப்படி. பைக்கைத் திருடினாலும் அவர்கள்தான், பஸ் மேல் கல் எறிந்தாலும் அவர்கள்தான். வேரைப் பார்த்தால் அதற்குத் தவறாக நம்புகிறவன் என்று பொருள். ஒரு காலத்தில் தன் மதத்தை நம்பாதவனைத் திட்டுவதற்குப் பயன்பட்ட வார்த்தை. நாளாக ஆக, நம் நம்பிக்கை இல்லாதவன் கெட்டவனாகத்தான் இருப்பான் என்ற நினைப்பில் வெறும் போக்கிரி என்று ஆகிவிட்டது. ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு சண்டை புதைந்து கிடக்கிறது பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிரெடென்ஸா'. ஃபர்னிச்சர் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். சுவரோரமாகப் போடுகிற, நீளமான, உயரம் குறைந்த அலமாரி. இத்தாலிய மொழியில் அந்த வார்த்தைக்கு நம்பிக்கை என்றுதான் பொருள். அலமாரிக்கும் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்து இத்தாலியப் பிரபுக்களுக்குச் சாப்பாட்டில் விஷம் வைத்துவிடுவார்களோ என்று பயம். எனவே ஒரு வேலைக்காரர் முதலில் ருசி பார்ப்பார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பிரபு சாப்பிடுவார். அப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கே 'கிரெடென்ஸா' என்று பெயர். அந்தப் பாத்திரங்கள் வைத்த பக்கத்து மேஜைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சோதித்த பிறகுதான் நம்பிக்கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னும் பின்னால் போகலாம். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். அதன் பிறகு மொழியியல் அறிஞர்கள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து ஒப்பிட்டார்கள். அதில் அழகாகப் பொருந்தி வந்த ஜோடிகளில் ஒன்று, லத்தீன் 'கிரெடோ', சமஸ்கிருத 'சிரத்தா'. இரண்டும் இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. முதல் துண்டு இதயம், இரண்டாவது வைப்பது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆக, நம்புவது என்றால் ஒன்றின் மேல் இதயத்தை வைப்பது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சிரத்தைக்கென்றே ஒரு சூக்தம் இருக்கிறது.

அந்தச் சொல் தமிழுக்கும் வந்து நம் வீட்டில் இருக்கிறது. "சிரத்தையாப் படிடா" என்கிறோம். திவசத்துக்குச் சொல்லும் 'சிராத்தம்' என்ற பெயரும் சிரத்தையிலிருந்து வந்ததுதான். எனவே உங்கள் பர்ஸில் இருக்கும் கிரெடிட் கார்டும் நீங்கள் வருஷா வருஷம் செய்கிற சிராத்தமும் தூரத்துச் சொந்தம். இதை வீட்டில் சொன்னபோது, "இதைப் போய் மீட்டிங்கில் சொல்லித் தொலைக்காதீர்கள்" என்று என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டேன்.

டெபிட்டைப் பற்றி இரண்டே நிமிஷம். அது 'டெபெரே' என்ற வேர். பட்டிருப்பது, கொடுக்க வேண்டியிருப்பது என்று பொருள். டெபிட், டெபென்ச்சர் எல்லாம் அதன் பிள்ளைகள். கடனுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'டெட்' என்ற வார்த்தையின் நடுவில் ஒரு 'பி' எழுத்து ஊமையாக நிற்குமே, அது முதலில் இருந்ததே இல்லை. பிரெஞ்சிலிருந்து வரும்போது அந்த எழுத்து இல்லாமல்தான் வந்தது. பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீன் மூலம் தெரியட்டும் என்று செருகினார்கள். ஆறாம் வகுப்பில் அந்த ஊமை 'பி'யால் நான் மார்க் இழந்திருக்கிறேன். நம் சங்கம் லாபியில் ஒட்டுகிற மெயின்டெனன்ஸ் 'ட்யூ' பட்டியலும் அதே வேர், கடமை என்று பொருள்படும் 'ட்யூட்டி'யும் அதே வேர். தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம். கடன், கடமை என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே போதும். பொருளாளர் இங்கே உட்கார்ந்திருப்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

கடைசியாக இரண்டு வார்த்தைகள். இவற்றுக்காகத்தான் இந்த வேரை எடுத்தேன்.

ஒன்று, 'கிரெடென்ஷியல்'. நீங்கள் யார் என்று மற்றவர் நம்புவதற்காகக் காட்டுகிற அத்தாட்சி. முன்பு தூதர்கள் ராஜாவிடம் கொடுக்கிற கடிதத்துக்கு அந்தப் பெயர். இன்று உங்கள் யூசர்நேம், பாஸ்வேர்டு, பின், ஓடிபி எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். அது யார் கையில் இருக்கிறதோ, அவரை நீங்கள் என்று பேங்க் நம்பும்.

இன்னொன்று, 'கிரெடுலஸ்'. சுலபமாக நம்பிவிடுகிறவன். தமிழில் ஏமாளி.

சென்ற வருஷம் தீபாவளிக்கு முந்தைய வாரம். மாலை ஆறரை மணி. போனில் ஒரு மெசேஜ். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் சென்ற மாத மின் கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்." கீழே ஒரு செல் நம்பர். பணம் கட்டிய ஞாபகம் எனக்கு இருந்தது. ஆனாலும் வீட்டில் பேத்தி வந்திருந்தாள், காய்ச்சல். ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு. கூப்பிட்டேன்.

நல்ல தமிழ். வார்த்தைக்கு வார்த்தை "சார்". "நீங்க கட்டியிருக்கீங்க சார், சிஸ்டத்துல அப்டேட் ஆகலை, அவ்வளவுதான். ஒரு ஆப் அனுப்பறேன், அதைப் போட்டுட்டு பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க சார்." போட்டேன். கட்டினேன். அந்த ஆப் வழியாக என் போன் திரையில் நான் தட்டுவதெல்லாம் அவனுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. நாலு நிமிஷத்தில் இரண்டு டெபிட் மெசேஜ். 24,900. மறுபடி 24,600. மொத்தம் 49,500 ரூபாய்.

நம் ஊரில் மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. "சென்ற மாதக் கட்டணம்" என்று எழுதியிருந்ததிலேயே பொய் தெரிகிறது. அரசாங்க அலுவலகம் எதுவும் தனியார் செல் நம்பரிலிருந்து ஆப் போடச் சொல்லாது. முப்பத்தைந்து வருஷம் மற்றவர் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். ஒரு கோடு வளைந்திருந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பியவன். அன்றைக்கு ருசி பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு அதற்குப் பிறகுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்றேன். ஏனென்றால் நம் இரண்டு லிஃப்டிலும் "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத ஆப்பைப் போடாதீர்கள்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, அதை எழுதியவன் நான். கீழே என் பெயரும் ஃபிளாட் நம்பரும் இருக்கிறது. எப்படி வெளியே சொல்வேன்?

இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டே முக்காலுக்கு மேல்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல்ல போனைப் போடுங்க" என்றாள். 1930க்குக் கூப்பிட்டோம். பேங்கின் அவசர நம்பருக்கும் சொல்லிக் கணக்கை முடக்கினோம். மறுநாள் சைபர் கிரைம் தளத்தில் எழுத்தில் புகார் பதிந்தோம்.

இரண்டாவது தொகையில் கொஞ்சம் இன்னொரு கணக்கில் எடுக்கப்படாமல் நின்றிருந்தது. அதை முடக்கிவிட்டார்கள். நாலு மாதம் அலைந்த பிறகு 18,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 31,500 போனதுதான். இந்த மாதிரிப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தாவும் என்று அங்கே சொன்னார்கள். நான் பால்கனியில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் அது தாவிக்கொண்டிருந்தது.

இன்று வரை இதை இந்த வளாகத்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னதற்குக் காரணம், போன மாதம் நம்மில் ஒருவர் என் கதவைத் தட்டி, "சார், என் ஃப்ரெண்டுக்கு இப்படி ஆயிருச்சாம், என்ன செய்யணும்?" என்று கேட்டார். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, ஆதார் எண் குற்றத்தில் சிக்கியிருக்கிறது என்று மிரட்டுகிறார்களே, அந்த வகை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஃப்ரெண்டுக்கு ஆனதற்கு யாருக்கும் கை நடுங்காது. நான் என் கதையைச் சொன்னேன். பிறகுதான் அவர் தன் கதையைச் சொன்னார். அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த நம்பரை இன்னொரு முறை சொல்கிறேன், 1930. இந்தியா முழுவதும் அதே நம்பர். பணம் போன அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆள் வேண்டும் என்றால் என் வீட்டு பெல்லை அடியுங்கள். ராத்திரி பதினொன்றாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை.

லிஃப்ட் நோட்டீஸில் என் பெயருக்குக் கீழே, பேனாவால் ஒரு வரி சேர்க்கலாம் என்று இருக்கிறேன். "இதை எழுதியவரும் ஏமாந்தார், 49,500 ரூபாய்." செயலாளர் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

காபி ஆறிக்கொண்டிருக்கிறது.